ரமாமணி எங்கள் விடுதிக்கு வந்த கதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், 1989ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பினரும் தங்கள் காலத்து நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னர் பேசிய அக்காமார் பரிசளிப்பு விழாக்களையும், விளையாட்டுப் போட்டிகளையும், மறக்க முடியாத அதிபர்களையும் பற்றிப் பேசினார்கள். நாங்கள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலருக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். கதை முடியும்போது அப்படித் தோன்றாது என்று நம்புகிறோம். இந்த உரையை எங்கள் வகுப்பில் பதினேழு பேர் சேர்ந்து எழுதினோம். வாசிப்பது ஒருத்தி என்றாலும் பேசுவது பதினேழு பேரும்தான்.

நாங்கள் எட்டாம் வகுப்புக்கு வந்த ஆண்டு 1986. விடுதியின் பெரிய அறையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஒரு மாணவியின் தகப்பனார் அன்பளிப்பாகத் தந்தது. அதற்கு மரப்பெட்டி, மரப்பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் திறப்பு மேற்றனின் இடுப்பில். நாட்டில் ரூபவாஹினி தொடங்கி நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் குடாநாட்டில் எல்லோருக்கும் ஆசை கடலுக்கு அப்பால் இருந்து வருகிற தூரதர்சனின் தமிழ் நிகழ்ச்சிகளில்தான். அதைப் பிடிப்பதற்காக வீட்டுக் கூரைகளுக்கு மேலே, பனைக்குப் போட்டியாக அன்ரனாக் கம்பங்கள் எழுந்த காலம் அது. எங்கள் விடுதியிலும் நீளமான ஒரு குழாயில் அன்ரனாவைக் கட்டிக் கிணற்றடியில் நட்டிருந்தார்கள்.

படம் தானாக வராது. ஒருத்தி கிணற்றடியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும். இன்னொருத்தி யன்னலடியில் நின்று சொல்ல வேண்டும். "இப்ப தெரியுதோ?" "இல்லை, கொஞ்சம் இஞ்சால." "இப்ப?" "ஐயோ போட்டுது, அங்காலை, அங்காலை!" வெயில் நாட்களில் படம் ஓரளவு துப்புரவாக வரும். மாரியில் மழைத்தூறல் வெளியிலும் பெட்டிக்குள்ளும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இன்றைய பிள்ளைகள் கைக்குள்ளே படம் பார்க்கிறார்கள். நாங்கள் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்ப்படம் போடுவார்கள். ஏழு மணிக்குப் படிப்பு மணி அடித்துவிடும். ஆகையால் விடுதிப் பிள்ளைகளாகிய நாங்கள் அந்தக் காலத்தில் ஒரு படத்தின் முடிவையும் கண்டதில்லை. எத்தனையோ கதாநாயகிகள் எங்கள் மனதில் இன்னும் கலியாணம் ஆகாமலே நிற்கிறார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு 'தில்லானா மோகனாம்பாள்' போட்டார்கள். அது 1968இல் வந்த படம், நாங்கள் பிறப்பதற்கு முன்னர். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக எடுத்தார். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசன், ஆடும் மோகனாவாக பத்மினி, தவில்காரராக பாலையா, சவடால் வைத்தியாக நாகேஷ். எங்கள் அம்மாமார் கொட்டகையில் பார்த்து, வீட்டில் சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரியும். நாதஸ்வரமும் நாட்டியமும் மோதும், கடைசியில் சேரும். அதைப் பார்க்கத்தான் இருந்தோம்.

படத்தின் இடையிலே ஒரு பெண் வந்தாள். நாடகக் கொம்பனியில் ஆடிப் பாடுகிற ஜில் ஜில் ரமாமணி. அந்த வேடத்தில் வந்தவர் மனோரமா. அவரை அதற்கு முன்னர் நாங்கள் காணாமல் இருந்திருக்க முடியாது. எத்தனையோ படங்களில் வந்திருப்பார். ஆனால் அன்றைக்குத்தான் கண்டோம்.

என்ன கண்டோம் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்வது கஷ்டம். அவர் வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசினார். ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு மரியாதை, அந்த மரியாதைக்குள்ளே ஒரு குறும்பு. நடை ஒரு பக்கம் போனது, கண் இன்னொரு பக்கம் போனது. தான் பகிடி விடுகிறேன் என்பது தனக்கே தெரியாதவர் போல இருந்தார். சிவாஜி, பத்மினி, நாகேஷ், பாலையா என்று அத்தனை பெரியவர்கள் நிற்கிற படத்தில், அவர் வந்து நின்ற இடமெல்லாம் அவருடைய இடமாகவே இருந்தது. அதைவிட இன்னொன்று. அந்தப் பெண் சண்முகசுந்தரத்தின் வித்தையில் வைத்திருந்த பக்தியும் அவர்மேல் காட்டிய அன்பும் தெரிகிற இடத்தில், சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தொண்டை அடைத்தது. சிரிப்புக்கும் கண்ணீருக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதை நாங்கள் முதல்முதல் அறிந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியில்.

ஏழு மணிக்குப் படிப்பு மணி அடித்தது. மேற்றன் திறப்போடு வந்தார். பெட்டியை மூடக் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். எங்கள் மேற்றன் சிரித்து அதுவரை நாங்கள் கண்டதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு படத்தின் முடிவைப் பார்த்தோம்.

அந்தச் சேலைத் தலைப்பை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் அப்படித்தான் சிரித்தார்கள். புகையிலைத் தோட்டத்து ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பழமொழி சின்ன வயதிலேயே காதில் ஊதப்பட்டிருந்தது: பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு. வாயைத் திறந்து சிரிக்கவே கூடாது என்றால் மற்றவர்களைச் சிரிக்க வைப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஊர்க் கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இலங்கை வானொலியில் எங்கள் வீடுகளையே சிரிக்க வைத்த 'கோமாளிகள் கும்மாளம்' தொடரின் பெயர்பெற்றவர்கள் எல்லோரும் ஆண்கள்: மரிக்கார் எஸ். ராம்தாஸ், ரி. ராஜகோபால், உபாலி எஸ். செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீத். அது 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அவர்களை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் பகிடி என்பது மாமாமாரின் சொத்து, நாங்கள் பகிடிக்குச் சிரிக்க வேண்டியவர்கள், அதுவும் மெல்ல, என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு பெண் நடுவில் நின்று, சிரிப்பைத் தானே ஆக்கி, தானே பரிமாறுவதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அடுத்த நாள் திங்கட்கிழமை காலை. கிணற்றடியில் முகம் கழுவ வரிசையில் நின்றோம். எங்கள் வகுப்பில் ஒருத்தி, அமைதியான பிள்ளை, கணக்கில் சுமார், சங்கீதத்தில் இல்லவே இல்லை, துவாயைத் தோளில் மாராப்பாகப் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கி நடந்தாள். நாலு அடிதான். கிணற்றடி முழுவதும் திரும்பியது. ரமாமணி வந்துவிட்டாள்.

அவளுடைய பெயரைச் சொல்ல மாட்டோம். அது அவள் எங்களிடம் கேட்டுக்கொண்டது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

ஒரு முறைதான் அவள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். திருப்பிப் போட்டுப் பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. இருந்தும் குரல், கை, கழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் நாங்கள் அவளை வியந்தது அதற்காக அல்ல. படத்தில் வந்த வசனத்தை ஒப்புவிக்க இன்னும் இரண்டு பேராலும் முடிந்தது. இவள் வசனத்தை விட்டுவிட்டு ஆளைக் கொண்டுவந்தாள். ரமாமணி எங்கள் விடுதிக்கு வந்து தங்கினால் என்ன செய்வாள், என்ன சொல்வாள் என்பதுதான் அவளுடைய விளையாட்டு.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். விடுதிச் சொதியைப் பற்றி அக்காமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தேங்காய்க்கும் அந்தச் சொதிக்கும் தூரத்து உறவுதான். இவள் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, குனிந்து பார்த்து, நெற்றியைத் தடவி, குசினி அக்காவிடம் மிகவும் பணிவாகக் கேட்டாள்: "அக்கா, இந்தச் சொதிக்குள்ளே என் முகம் நல்லாத் தெரியுதுங்க. பொட்டு நேராத்தான் இருக்குதுங்களா?"

குசினி அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. வாயை மூடவில்லை. பிறகு இன்னொரு அகப்பை சொதியும் ஒரு துண்டு மீனும் அவளுடைய கோப்பைக்குள் விழுந்தன. அன்றிலிருந்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க எங்களுக்குள் சண்டை.

அதன் பிறகு நாங்கள் மனோரமாவைத் தேடத் தொடங்கினோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் டெக் வாடகைக்கு எடுக்கிற வீடுகளில் எந்தப் படத்தில் அவர் வருகிறார் என்று கேட்போம். பழைய சஞ்சிகைகளில் அவரைப் பற்றி வந்ததை வெட்டி, ஒரு கொப்பியில் ஒட்டினோம். அப்போது அறிந்ததையும் பிற்காலத்தில் அறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் முன்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம்.

மனோரமா 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர். இயற்பெயர் கோபிசாந்தா. தகப்பன் கைவிட்ட பிறகு தாயார் அவரைக் கொண்டு செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சிறு வயதிலேயே வீட்டு வேலை செய்து, பிறகு நாடக மேடை ஏறி, 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயரெடுத்தார். அவர் முதலில் தலை காட்டியது ஒரு சிங்களப் படத்தில், கதாநாயகியின் தோழியாக என்று அறிந்தபோது எங்களுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. தமிழில் முதற்படம் 1958இல் வந்த 'மாலையிட்ட மங்கை'. அதில் அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தவர் படத்தைத் தயாரித்த கவிஞர் கண்ணதாசன். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் வந்தார். ஆனால் அவர் நிலைத்தது சிரிப்பில்தான். கதாநாயகிகள் வந்து போனார்கள். அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் புத்தகத்தில் இடம், 'புதிய பாதை' படத்துக்காகத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. செட்டிநாட்டில் மரியாதைக்குரிய பெண்ணை 'ஆச்சி' என்பார்கள். தமிழ்நாடே அவரை அப்படித்தான் அழைத்தது. 2015 ஒக்டோபர் 10ஆம் திகதி காலமானார்.

எங்கள் கொப்பியில் நாங்கள் கவனித்து எழுதிய ஒன்று இன்னும் ஞாபகம். மனோரமா எந்த ஊர்ப் பெண்ணாக வந்தாலும் அந்த ஊர்த் தமிழைப் பேசினார். ரமாமணிக்கு ஒரு தமிழ். 'பொம்மலாட்டம்' படத்தில் அவரே பாடி ஆடுகிற சென்னைப் பெண்ணுக்கு இன்னொரு தமிழ். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்து வேலைக்காரி கண்ணம்மாவுக்கு வேறொன்று. அந்தப் பெண்களில் அநேகர் ஏழைகள், வேலைக்காரிகள், படிக்காதவர்கள். அவர்களைப் பார்த்து எங்களைச் சிரிக்க வைக்காமல், அவர்களோடு சேர்ந்து சிரிக்க வைத்தார். வீட்டு வேலை செய்து வளர்ந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

எங்கள் தோழிக்கும் அது தெரிந்திருந்தது. அவள் குசினி அக்காவைப் போல நடித்துக் காட்டியதே இல்லை. குசினி அக்காவைச் சிரிக்க வைத்தாள்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறோம்.

1988இல் நாங்கள் பத்தாம் வகுப்பு. இடையில் 1987 ஒக்டோபர்ச் சண்டை வந்து, வீடுகள் உடைந்து, ஆட்கள் போய், எல்லோரும் களைத்திருந்த நேரம். கலைவிழாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாடகம் போட வேண்டும். வழக்கமாக நாங்கள் கண்ணகி போடுவோம், சந்திரமதி போடுவோம். மேடையில் நன்றாக அழுகிற பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும். அந்த முறை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, மூன்று இரவு விழித்து, 'ரமாமணி யாழ்ப்பாணம் வருகிறாள்' என்று ஒரு சிறிய நாடகம் எழுதினோம். அதில் ரமாமணி பஸ்ஸுக்கு நிற்பாள், சங்கக்கடையில் சீனிக்கு நிற்பாள், கலியாண வீட்டில் சீதனப் பேச்சுக்கு நடுவில் போய் இருந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு என்ன விலை, குறைத்துத் தருவீர்களா, பழுதானால் திருப்பி எடுப்பீர்களா என்று மிகவும் பணிவாகக் கேட்பாள். சொதிக் கதையும் இருந்தது. எழுதியது எல்லோரும். ரமாமணி அவள்.

ஒத்திகை பார்க்க ஒரு ஆசிரியை வந்தார். அவர் பெயரும் வேண்டாம். அவர் இன்று இல்லை. எங்களுக்கு அன்போடு படிப்பித்தவர்தான். சீதனக் காட்சி வந்தபோது எழுந்து நின்றார். "நல்ல குடும்பத்துப் பிள்ளையள் செய்யிற வேலையோ இது? கூத்தாடியள் மாதிரி! ஆர் எழுதினது?"

மண்டபத்தில் நாங்கள் இருபத்தொரு பேர் நின்றோம். ஒருத்தியும் பேசவில்லை. நடுவில் தாவணி மாராப்போடு நின்ற அவளையே ஆசிரியை பார்த்தார். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம்.

"நான்தான் ரீச்சர்" என்றாள் அவள்.

நாடகம் நின்றது. அவளுடைய தகப்பனாருக்குக் கடிதம் போனது. அவர் வந்து, அலுவலகத்துக்கு வெளியே குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது எங்களுக்குத் தெரியும். அந்த வருடக் கலைவிழாவில் நாங்கள் சந்திரமதி போட்டோம். அவளுக்குத் திரை இழுக்கிற வேலை. பரிசும் எங்களுக்குத்தான் கிடைத்தது. பரிசுப் புத்தகங்களில் ஒன்றை அவளுடைய மேசையில் வைத்தோம். அவள் அதைத் திறக்கவே இல்லை. கிணற்றடிக்கு ரமாமணி பிறகு வரவும் இல்லை.

இரண்டு வருடம் போனது. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தொலைக்காட்சிப் பெட்டி பூட்டிய மரப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது, பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. விடுதியில் ஊருக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் கொஞ்சப் பேர் நின்றோம், நாங்கள் ஐந்தாறு பேர், மற்றவர்கள் சின்னப் பிள்ளைகள். தென்னங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கிய பங்கர் ஒன்று மாமரத்தடியில் இருந்தது. அந்த ஆசிரியையும் எங்களோடு நின்றார்.

ஒரு இரவு விமானம் சுற்றத் தொடங்கியது. பங்கருக்குள் ஒரு ஜாம் போத்தல் விளக்கு, அதையும் நூர்க்கச் சொல்லிவிட்டார்கள். இருட்டு. குண்டு விழுகிற சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழத் தொடங்க, பார்த்து மற்றப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியை தேவாரம் சொல்லிப் பார்த்தார், பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. அப்போது அந்த இருட்டுக்குள்ளே அவருடைய குரல் வந்தது. எங்கள் எல்லோருக்கும் அது இப்போதும் கேட்கிறது.

"பிள்ளை, அந்தச் சொதிக் கதையைச் சொல்லன்."

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அவள் சொல்ல மாட்டாள் என்றே நினைத்தோம். பிறகு, இரண்டு வருடமாகக் கேட்காத அந்தக் குரல் இழுத்து இழுத்து வந்தது. "மேலே இவ்வளவு சத்தம் போடுறது யாருங்க? கீழே நாங்க நாடகம் நடத்துறது தெரியாதுங்களா? பார்க்கிறதா இருந்தா ரிக்கற் எடுத்திட்டு வரச் சொல்லுங்க."

அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அழுகைக்கு நடுவில் விக்கிச் சிரித்தது. அவள் விடவில்லை. ரமாமணி பங்கருக்குள் இடம் பிடித்தாள், மண்மூட்டைக்கு வாடகை பேசினாள், நுளம்புகளுக்குக் கச்சேரி வைத்தாள், கடைசியில் சொதிக்குள்ளே முகம் பார்த்தாள். விமானம் போனது கூட எங்களுக்குத் தெரியாது. எங்களோடு சேர்ந்து ஆசிரியையும் சிரித்தார். இருட்டில் அவர் வாயை மூடினாரா இல்லையா என்று நாங்கள் காணவில்லை. சத்தம் கேட்டது.

அந்த ஆசிரியை பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்து ஆசிரியைமார் அப்படிக் கேட்பதில்லை. எங்கள் கணக்கில், அந்த இருட்டில் கேட்டதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். செய்யாதவர்கள் நாங்கள்.

பிறகு எல்லோரும் சிதறினோம். 1995 இடப்பெயர்வு, அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. எங்களில் பாதிப் பேர் கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும். மற்றவர்கள் இங்கே. அவள் வன்னியில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். எதற்கும் பேரப்பிள்ளைகளை அந்தப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அந்த ஊர் ஆட்கள் அடம்பிடிப்பார்களாம். ஏன் என்று நாங்கள் விசாரிக்கத் தேவையில்லை.

இந்த விழாவுக்காக மூன்று மாதத்துக்கு முன்னர் அவளுக்குத் தொலைபேசி எடுத்தோம். மேடையில் ரமாமணியாக ஒரு பத்து நிமிடம் வர வேண்டும், நூற்றாண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பின் பரிசு நீதான் என்று கெஞ்சினோம். அவள் மறுத்துவிட்டாள். கோபமாக இல்லை. ஊர்ப் புதினம் எல்லாம் கதைத்தாள், ஒவ்வொருவருடைய பிள்ளைகளையும் பெயர் சொல்லி விசாரித்தாள். வைப்பதற்கு முன்னர், சிரித்துக்கொண்டுதான், ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்டைக்கு மண்டபத்தில நீங்கள் ஒருத்தியும் வாய் திறக்கேல்லை. ஏனடி?"

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவள் கேட்காத கேள்வி. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பயம் என்று சொல்லலாம். பயம் அவளுக்கும்தான் இருந்தது. அந்த இரவே பதினேழு பேரும் கணினித் திரையில் கூடி, இந்த உரையை எழுதத் தொடங்கினோம். பங்கரைப் பற்றி மட்டும் எழுதி, மண்டபத்தை விட்டுவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். விழா அல்லவா, நல்லதைச் சொல்வோமே என்று. பிறகு, அதுவும் நிலத்தைப் பார்ப்பதுதான் என்று விளங்கிற்று. எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினோம். "சொல்லுங்கோ, ஆனா என்ர பேர் வேண்டாம்" என்றாள். விழாவுக்கு வருவாயா என்று கேட்டோம். "பாப்பம்" என்றாள். வந்திருக்கிறாளா இல்லையா என்பதை நாங்கள் சொல்லப் போவதில்லை.

ஆகவே, அன்றைக்கு மண்டபத்தில் சொல்லாததை இன்றைக்கு இதே மண்டபத்தில் சொல்கிறோம். அந்த நாடகத்தை எழுதியது நாங்கள் எல்லோரும், ரீச்சர். சீதனக் காட்சி எழுதியது இப்போது இந்த உரையை வாசிக்கிறவள். சொதிக் கதை ஒன்றுதான் அவளுடையது. நாடகத்தில் இருந்தவற்றுள் நல்லதும் அதுதான்.

சங்கத்திடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டிலிருந்து இல்ல நாடகப் போட்டியில் நகைச்சுவை நடிப்புக்கு ஒரு தனிப் பரிசு வைக்க வேண்டும். அதற்கான நிதியை எங்கள் வகுப்பு சங்கத்திடம் ஒப்படைக்கிறது. பரிசுக்கு எங்கள் பெயர் வேண்டாம், வேறு யாருடைய பெயரும் வேண்டாம். நிபந்தனை இரண்டுதான். நாடகத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். எழுதியவர்கள் எல்லோருடைய பெயரும் கொப்பியின் முதற் பக்கத்தில் இருக்க வேண்டும், யாராவது எழுந்து நின்று "ஆர் எழுதினது?" என்று கேட்டால் ஒருத்தி மட்டும் தனியே நிற்காமல் இருப்பதற்காக.

முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். கணக்கில் சுமாராக, சங்கீதத்தில் இல்லாமலே. அவளைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அன்ரனாக் குழாய் திருப்பத் தேவையில்லை. அவள் சொல்வதைக் கேட்டு வாயை மூடாமல் சிரியுங்கள். அவளுக்கு ஒன்று என்றால் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

விடுதிச் சொதி இப்போது தடிப்பாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். மதியச் சாப்பாட்டில் பார்க்கத்தானே போகிறோம். முகம் தெரிந்தால் செயற்குழுவுக்கு அறிவிப்போம்.